தென்னையில் செதுக்கிய உயரம்

வீட்டின் மேற்குப் பக்கத்துத் தென்னையில் பழுப்பாக ஏதோ ஒழுகிக் காய்ந்திருந்ததை முதலில் பார்த்தவள் என் மனைவி. பாத்திரம் துலக்கும் குழாய் அந்த மரத்தடியில்தான் இருக்கிறது.

"வெத்தல எச்சி மாதிரி இருக்குதுங்க. யாரு இங்க வந்து துப்புனது?"

எங்கள் வீட்டில் வெற்றிலை போடுகிறவர்கள் யாரும் இல்லை. விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தேன். புளித்துப்போன வாடை. ஒழுகல் தொடங்கிய இடத்தைத் தேடிக்கொண்டு போனால், அது தண்டில் இருந்த ஒரு பழைய கோட்டுக்குள் போய் முடிந்தது. என் மகனின் ஐந்தாவது பிறந்தநாளன்று நான் உளியால் செதுக்கிய கோடு அது. அதன் ஓரத்தில் மென்று துப்பியது போல நார்த் துகள் ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்துகிறேன். என் வீடு அதியமான்கோட்டையிலிருந்து இண்டூர் போகும் பக்கம், அண்ணனுடைய தென்னந்தோப்பை ஒட்டி இருக்கிறது. எதையும் அளந்து வைப்பதும் அன்றன்றைக்கு எழுதி வைப்பதும் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள பழக்கம். மகன் பிறந்து இரண்டு வயதானபோது அவனுடைய உயரத்தை ஆண்டுதோறும் ஓரிடத்தில் குறித்துவர வேண்டும் என்று தோன்றியது. சுவரில் குறிக்கலாம், ஆனால் வெள்ளையடித்தால் போய்விடும். வீட்டைச் சுற்றி வேம்பும் புங்கனும் ஒரு மாமரமும் இருந்தன. அவற்றையெல்லாம் விட்டுத் தென்னையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் என் பாடம்தான்.

வேப்ப மரத்தில் ஒரு வெட்டுப் போட்டால், பட்டைக்கு அடியில் இருக்கும் கேம்பியம் என்ற மெல்லிய படுகை புதுத் திசுவை உண்டாக்கிக்கொண்டே வந்து காயத்தை இரண்டு பக்கமிருந்தும் மூடிவிடும். சில வருடங்களில் அங்கே ஒரு தழும்பு மேடுதான் மிஞ்சும். கோடு எங்கே இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. தென்னைக்கு அந்தப் படுகை கிடையாது. ஒருமுறை உருவான தண்டு அதற்குப் பிறகு பருப்பதில்லை, காயத்தை மூடுவதுமில்லை. வெட்டினால் வெட்டு வெட்டாகவே இருக்கும். மரம் வளரும்போது கோடும் மேலே போய்விடாதா என்று என் அண்ணன் கேட்டார். போகாது, மரம் உச்சியில்தான் வளர்கிறது, அடியில் இருப்பது அங்கேயே நிற்கும் என்று விளக்கினேன். வேறு ஒருவராக இருந்தால் பெயிண்டை எடுத்து ஒரு கோடு இழுத்துவிட்டுப் போயிருப்பார். நான் ஆறாத மரமாகப் பார்த்துத் தேடி எடுத்தேன்.

பிறந்தநாளன்று காலைப் பூசை முடிந்து கோயிலிலிருந்து வந்ததும் இதுதான் முதல் வேலை. புதுச் சட்டையோடு அவனை மரத்தில் சாய்த்து நிறுத்துவோம். குதிகால் தண்டைத் தொட வேண்டும். தலைமேல் தச்சர்கள் வைத்திருக்கும் மூலைமட்டத்தை வைத்து, அது தண்டைத் தொடும் இடத்தில் பென்சிலால் குறிப்பேன். அவன் விலகியதும் உளியை வைத்துத் தட்டுவேன். வெயிலிலும் மழையிலும் மங்கிவிடக் கூடாது என்று நகம் புதையும் ஆழத்துக்கு. என் மனைவி பக்கத்தில் நின்று, "போதுங்க, பாவம் மரம்," என்பாள். அப்புறம் பாயசம்.

இரண்டு வயதுக் கோட்டில் தொடங்கிக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு போயின. அவனுக்கு நான்கு வயதிருக்கும்போது வீட்டுக்கு வருகிறவர்கள் அவனுடைய கால்களைப் பிடித்துப் பார்த்து மெச்சுவார்கள். கெண்டைக்கால் இரண்டும் உருண்டு கெட்டியாக இருக்கும். "ஓட்டக்காரனுக்கு இருக்கிற கால்ரா இது," என்று அண்ணன் சொல்லுவார். எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. தரையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கும்போது கைகளைத் தன் முழங்காலில் ஊன்றி, பிறகு தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மேலேயே ஏறுவதுபோல் எழுந்ததை விளையாட்டு என்று நினைத்தோம். சேலத்தில் ஒரு மருத்துவர் அவனைத் தரையில் உட்காரச் சொல்லி எழுந்திருக்கச் சொன்னார். ஒரு தடவை பார்த்ததுமே அவருடைய முகம் மாறிவிட்டது. கெண்டைக்காலில் திரண்டிருந்தது தசை அல்ல என்றார். தசை அழிந்துபோன இடத்தில் கொழுப்பும் நாரும் நிறைந்திருக்கிறதாம். தசைச் சிதைவு நோய். ஆண் பிள்ளைகளுக்கு வருவது, தாய் வழியாக வருவது. மருந்து இல்லை; தள்ளிப்போட மட்டும் மாத்திரை.

தாய் வழியாக என்ற சொல்லை அவர் என் மனைவியின் முன்னால் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவளுடைய தம்பி ஒருவன் நடக்க முடியாமல் படுத்துச் சிறு வயதிலேயே இறந்தவன். அதுவரை அவர்கள் வீட்டில் அதைக் காய்ச்சல் என்றுதான் சொல்லிவந்தார்கள். அன்றைக்கே பேருந்தில் திரும்பினோம். தொப்பூர்க் கணவாய் ஏறும்போது அவள், தூங்கிக்கொண்டிருந்த அவனுடைய காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகும் கோடுகள் செதுக்கினேன். எட்டாவது பிறந்தநாளில் அவன் நுனிக்காலில் நின்றான். குதிகால் நரம்பு இழுத்துக்கொண்டு தரையைத் தொடவில்லை. ஒன்பதாவது பிறந்தநாளில் மரத்தில் சாய்த்ததும் முதுகு முன்னால் வளைந்து வயிறு தள்ளிக்கொண்டது. அவள் தோள்களைப் பிடித்துக்கொள்ள, நான் மட்டத்தை வைத்துப் பார்த்தேன். பென்சில் குறி முந்தின ஆண்டுக் கோட்டுக்குக் கீழே விழுந்தது. அவன் அண்ணாந்து, "நான் குட்டையாயிட்டனாப்பா?" என்று கேட்டான். இருப்பதை இருப்பதுபோலத்தான் நான் குறிப்பேன். அதையும் செதுக்கினேன். பத்தாவது பிறந்தநாளுக்குள் சக்கர நாற்காலி வந்துவிட்டது. நிற்காதவனுக்கு உயரம் குறிக்க முடியாது.

எனக்கு அந்தக் கோடுகள் எண்கள். என் மனைவிக்கு அப்படி இல்லை. குழாயடிக்குப் போகும்போதும் வரும்போதும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஏதாவது ஒரு கோட்டின்மேல் உள்ளங்கையை வைப்பாள். ஆறு வயதுக் கோட்டில் வைத்தால், ஆறு வயதுப் பிள்ளையின் தலையில் வைப்பது போல விரல்கள் சற்றே வளைந்துகொள்ளும். இதை அவள் எனக்காகவோ யாருக்காகவோ செய்யவில்லை. செய்கிறோம் என்று அவளுக்குத் தெரியுமா என்பதுகூட எனக்குத் தெரியாது.

மகனுக்கு இப்போது பதினேழு வயது. பதினொன்றாம் வகுப்புப் பாடங்களை வீட்டிலேயே படிக்கிறான். கழுத்துக்கு மேலே அவனுக்கு ஒரு குறையும் இல்லை. விரல்களில் மட்டும் கொஞ்சம் அசைவு மிஞ்சியிருக்கிறது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்துவிட்டது. அதை நிமிர்த்தக் கம்பி வைக்கலாம் என்றிருந்தார்கள். பிறகு நுரையீரல் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். மரத்தில் ஒழுகல் கண்ட அந்த வாரத்தில்தான் நான் அவனுக்குத் திசுக்கள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

"செடிக்கு எலும்பு இல்ல. அதனால தாங்கு திசு. கோலன்கைமா உசுரோட இருக்கும், வளைஞ்சு குடுக்கும். ஸ்கிளிரன்கைமா முத்துனதும் செத்துரும், சுவர் மட்டும் கெட்டியா நிக்கும். சரியாப்பா?" என்றான்.

"சரி."

"அப்ப ஒரு மரத்தை நிமித்தி வெச்சிருக்கிறது முக்காவாசி செத்துப்போனவங்க."

"அப்படியும் சொல்லலாம்."

"இந்த வூட்ல மூணு பேரும் உசுரோட இருக்கோம். ஒருத்தன நிமித்தி வெக்க முடியல."

அவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த அவள், "உடம்புல எல்லாத்தையும் தொட்ட வியாதி இந்த வாயை மட்டும் தொடல பாரு," என்று அடுத்த உருண்டையை வாயில் திணித்தாள். அவன் சிரித்தான், புரையேறிவிட்டது. அவனுக்குப் புரையேறினால் சாதாரணம் அல்ல. முதுகைத் தட்டி, முன்னால் சாய்த்து, இருமல் வரவழைத்து முடிப்பதற்குள் எங்கள் இருவருக்கும் வேர்த்துவிட்டது.

மரத்தில் விழுந்திருப்பது சிவப்புக் கூன்வண்டு என்று எனக்கு அன்றைக்கே தெரிந்தது. காயத்தின் வாடைக்கு வந்து அதில் முட்டையிடும். புழு உள்ளே போய்விடும். தென்னையின் உறுதி எல்லாம் வெளிவட்டத்தில் இருக்கிறது. நார்க்கற்றைகள் அங்கேதான் நெருக்கமாக, ஒவ்வொன்றும் கெட்டியான உறை போட்டுக்கொண்டு நிற்கும். நடுவில் மெத்தென்ற சோறு. புழு தின்பது அந்தச் சோற்றை. வெளியே ஓடு நின்றுகொண்டே இருக்கும், மட்டை பச்சையாகவே இருக்கும், காய்கூடக் காய்க்கும். தண்டில் காதை வைத்தால் மட்டும் உள்ளே யாரோ ஊறவைத்த அரிசியை மெல்லும் சத்தம் கேட்கும்.

அவளும் காதை வைத்துக் கேட்டாள். கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எத்தனை இருக்கும்?"

"தெரியல."

"எந்தக் கோட்டு வழியா போச்சு?"

"அஞ்சு வயசுக் கோடு. ஏழுலயும் ஓட்டை இருக்கு."

"மத்ததெல்லாம் நல்லா இருக்குதில்ல?" என்றாள், ஏதோ பிள்ளைகள் எட்டுப் பேரில் இரண்டு பேருக்கு மட்டும் காய்ச்சல் என்பது போல.

வேளாண்மை அலுவலகத்தில் சொன்னபடி எல்லாம் செய்தேன். மேலே இருந்த ஓட்டையில் புனலை வைத்து மருந்து ஊற்றினேன். கீழே இருந்தவற்றைக் களிமண்ணால் அடைத்தேன். மற்றக் கோடுகளுக்கும் அவளே மண் பூசினாள், ஒவ்வொன்றையும் விரலால் வழித்து. பூசிவிட்டால் கோடு தெரியாது என்பதால், பக்கத்தில் சாக்பீஸால் வயதை எழுதி வைத்தாள். சில வாரங்களில் ஒழுகல் நின்றது. காதை வைத்தால் சத்தம் இல்லை. அந்த நாட்களில் அவள் அடுப்படியில் பாட்டு முணுமுணுத்ததைக் கேட்டேன். எத்தனையோ வருடம் கழித்து. நானும் மரம் பிழைத்துவிட்டது என்றே எழுதி வைத்தேன்.

புழு செத்திருக்கலாம், அது தின்று முடித்தது திரும்பி வரவில்லை. எந்தக் காரணத்துக்காக அந்த மரத்தைத் தேர்ந்தெடுத்தேனோ அதே காரணம்தான். உள்ளே இழந்ததை நிரப்புவதற்கு அதனிடம் ஒன்றும் கிடையாது. ஆடிக் காற்று தொடங்கியதும் நடுக்குருத்து மஞ்சளாகிச் சாய்ந்தது. கோடுகள் இருந்த பகுதியில் நெடுக்காக ஒரு விரிசல் விட்டது. மரம் வீட்டுப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தது. தூக்குநூல் விட்டுப் பார்த்தேன். மறுவாரம் பார்த்தபோது சாய்வு கூடியிருந்தது.

அண்ணன் வந்து மரத்தைச் சுற்றி நடந்தார். சத்தம் போடாமல் பேசத் தெரியாதவர், அன்றைக்கு மெதுவாகப் பேசினார்.

"தம்பி, இது விழுந்தா எந்தப் பக்கம் விழும்னு பாத்தியா?"

"பாத்தேங்கண்ணா."

"சிமெண்ட் சீட்டு போட்ட ரூமு மேலடா. நாமன்னா சத்தம் கேட்டதும் எந்திரிச்சு ஓடிருவோம்."

சக்கர நாற்காலி நுழைகிற அகலத்துக்கு வாசல் வைத்து, கழிப்பறையும் சேர்த்து, அவனுக்கென்று நாங்கள் கட்டிய அறை அது. மேலே கான்கிரீட் போடவில்லை.

அன்றைக்கே அவனை முன்கூடத்துக்கு மாற்றினோம். கட்டிலில் இருந்து அவனைத் தூக்குவதற்கு அந்த அறையின் இரும்பு உத்தரத்தில் ஒரு கப்பி மாட்டியிருந்தோம். கூடத்தில் அது இல்லை. நானும் அவளும் கையால்தான் தூக்கினோம். கழிப்பறைக்கு ஒவ்வொரு முறையும் படி தாண்ட வேண்டும். அதையும்விட, வாசலில் வருகிறவர்கள் எல்லாரும் அவனைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். பால் ஊற்ற வரும் அம்மாள் தினமும் சிலுவை போட்டுக்கொண்டு போனாள்.

"ப்பா, அந்தம்மா என்னய செத்துப்போனவன்னு நெனச்சுக் கும்பிடுது. நாளைக்குப் பூ கொண்டு வரும் பாரு," என்றான் அவன். "என்னய என் ரூமுக்குக் கொண்டு போங்க."

மரம் இருக்கும்வரை அவனை அந்த அறையில் படுக்கவைக்க முடியாது. இந்த ஒன்றில் என் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. கம்பி கட்டி இழுத்து நிறுத்தலாம் என்றாள். அடியில் சிமெண்ட் ஊற்றலாம் என்றாள். ஒரு நாள் சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்தபோது கல்தூண் ஒன்றை ஆள் வைத்துத் தூக்கிவந்து மரத்துக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்தாள்.

"இது நிக்காதும்மா. உள்ள ஒண்ணுமே இல்ல," என்றேன்.

"அவனுக்கும் உள்ள ஒண்ணுமில்லன்னுதான் சொல்றாங்க. அதுக்காக?"

"மரம் விழுந்தா அவன் மேல விழும்."

"எனக்குத் தெரியாதா? அவன் நின்ன எடம் அது ஒண்ணுதாங்க இருக்குது. நடந்ததுக்குப் போட்டோ இருக்குதா நம்மகிட்ட? அன்னிக்கு நம்மகிட்ட நல்ல போன்கூட இல்ல. இவன் நின்னான்னு நாளைக்கு நான் யாருகிட்ட என்னத்தக் காட்டுவேன்?"

"எல்லாம் அளவு எழுதி வெச்சிருக்கேன்."

"உங்க நம்பரு எனக்கு எதுக்குங்க?" என்றாள்.

கடைசியில் முடிவு செய்தவன் அவன்தான். எங்கள் பேச்சு கூடத்தில் அவனுக்குக் கேட்காமல் இருக்காது. "ம்மா, வெட்டிரலாம்மா. கோடு இருக்கிற துண்டை மட்டும் தனியா அறுத்து எடுத்து என் ரூமுல நிறுத்தி வெச்சுக்கலாம். கட்டிலுக்குப் பக்கத்துல. நான் தெனமும் பாத்துக்கறேன், நீ தொட்டுக்க. வூட்டுக்குள்ள வந்துட்டா மழையும் இல்ல, வண்டும் இல்ல." அவள், "அடியில தரையோட தரையா அறுக்கணும். அப்பதான் அளவு மாறாது," என்றாள். அளவைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த ஒரே பேச்சு அது. நான் சரி என்றேன். அந்தத் துண்டு எங்கே நிற்க வேண்டும் என்று அறையில் இடம்கூட ஒதுக்கினேன். கொள்ளுமா என்று மட்டும் யோசித்தேன். நிற்குமா என்று யோசிக்கவில்லை.

மரம் வெட்டுகிறவர் கடத்தூரிலிருந்து இரண்டு ஆட்களோடும் மெஷின் ரம்பத்தோடும் வந்தார். வந்ததும் வெட்டரிவாளின் பின்பக்கத்தால் தண்டைத் தட்டினார். மேலே தட்டினால் ஒரு சத்தம், கோடுகள் இருந்த இடத்தில் தட்டினால் டின்னைத் தட்டுவது போல வேறு சத்தம்.

"சாரு, இதுமேல ஆளு ஏத்த முடியாதுங்க. தலையை எறக்கிட்டு அப்பறம் அடியை அறுக்கறது நல்ல மரத்துக்கு. இது அப்படியே டிராக்டர்ல கயிறு போட்டு அந்தப் பக்கம் இழுக்க வேண்டியதுதான்."

"இந்தத் துண்டு முழுசா வேணும்," என்று கோடுகளைக் காட்டினேன்.

"அடியில அறுத்துத் தர்றேங்க. விழும்போது அது என்ன பண்ணும்னு நான் எப்படிங்க சொல்றது?"

கூடத்துச் சன்னலுக்குப் பின்னால், சக்கர நாற்காலியில் சாய்ந்திருந்த மகன் குரல் கொடுத்தான். "அண்ணா, பாத்து அறுங்க. அது நானு."

அவர் திரும்பிப் பார்த்தார். "உன்னய எப்படி அறுப்பேன் தம்பி, நீ நல்லா ராசா மாதிரி உக்காந்திருக்கிற," என்றார். "ராசாவுக்கு நாலு சக்கரம் இருக்குதுண்ணா, தேரோட வந்திருக்கேன்," என்றான் அவன். ஆட்கள் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. கோடுகள் இருந்த பகுதியைச் சுற்றிப் பழைய போர்வையையும் சாக்கையும் வைத்துச் சேலையால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அண்ணனுடைய டிராக்டரில் வடத்தைக் கட்டி இறுக்கிப் பிடித்தார்கள். ரம்பம் அடியில் தொட்டதும் முதலில் கெட்டியான சத்தம் வந்தது; வெளிவட்டத்து நார் அறுபடும் சத்தம். பிறகு ரம்பம் ஏதோ சேற்றில் இறங்கியது போலச் சத்தமே இல்லாமல் உள்ளே போனது. பாதி அறுபடுவதற்கு முன்பே மரம் முறிந்தது. அறுத்த இடத்தில் அல்ல. அதற்கு மேலே, சேலை கட்டியிருந்த இடத்தில். டிராக்டர் இழுத்த பக்கமாக உச்சி போய் விழுந்தது. விழுந்த அதிர்ச்சியில் நடுப்பகுதி மூங்கில் பிளப்பது போலப் பட்டைபட்டையாகப் பிரிந்து தெறித்தது. உள்ளே இருந்து ஈரமான கறுத்த நார்த்தூள் கூடைக்கணக்கில் கொட்டியது. அதில் நாரைச் சுற்றிக் கட்டிய கூடுகள் விரல் பருமனில் கிடந்தன. கள்ளுக்கடை வாடை வீசியது.

அவள் போய்ச் சேலையை அவிழ்த்தாள். உள்ளே நாங்கள் கேட்ட துண்டு இல்லை. நீண்ட சிம்புகள் இருந்தன. சிலவற்றில் சுண்ணாம்புத் தீற்றல் போலச் சாக்பீஸ் எழுத்தின் மிச்சம். ஒரு சிம்பில் ஒரு கோட்டின் பாதி, இன்னொன்றில் மற்றப் பாதி. அவற்றைப் பொறுக்கி, வரிசையாக வைத்து, பொருத்திப் பார்த்தாள். நானும் உட்கார்ந்து பொருத்திப் பார்த்தேன். பொருத்துகிற வேலை எனக்குக் கைவந்தது. ஆனால் அடிப்பகுதி நொறுங்கிப்போயிருந்தது. நோட்டில் எண்கள் இருந்தாலும், எந்தச் சிம்பு தரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை. தரையிலிருந்து அளந்தால்தான் அது உயரம். கையில் எடுத்துவிட்டால் ஒரு மரப்பட்டையில் ஒரு கீறல், அவ்வளவுதான். ஐந்து எது, ஏழு எது என்றுகூட அடையாளம் தெரியவில்லை. கடைசி இரண்டு கோடுகள், ஒன்றுக்குக் கீழே ஒன்று நெருக்கமாக இருந்தவை, அவை மட்டும் ஒரே சிம்பில் முழுசாக இருந்தன.

"இதைக் குடுங்க," என்றாள். அதை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அண்ணன் டிராக்டரிலிருந்து இறங்கி வந்தார். கூடுகளைக் காலால் புரட்டிப் பார்த்தார். சிலவற்றில் வண்டு அசைந்தது. அவருடைய தோப்பு வேலிக்கு அந்தப் பக்கம்.

"எல்லாத்தையும் இப்பவே கொளுத்தணும் தம்பி. ஒரு துண்டு விடக் கூடாது. வேரையும் தோண்டி எடுத்துரணும், அடிக்கட்டையில வந்து முட்டை வெக்கும்."

அவர் சொன்னது சரி. நானே வகுப்பில் அதைத்தான் சொல்லுவேன். அவள் மடியில் இருந்ததைப் பார்த்தேன். அதன் உள்பக்கம் துளைத்துச் சல்லடையாக இருந்தது. நான் கேட்பதற்கு முன்பே அவளே எழுந்து போய் அதைக் குவியலில் வைத்தாள். வீசவில்லை, வைத்தாள். ஆட்கள் காய்ந்த மட்டையை அடியில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தார்கள். ஈரம் இருந்ததால் முதலில் புகைதான் வந்தது. சன்னல் பக்கம் புகை போகிறது என்று நான் அதன் கதவைச் சாத்தப் போனேன். "தெறந்து வைங்கப்பா, பாக்கறேன்," என்றான். புகை அவனுக்கு ஆகாது. சாத்தினேன்.

மறுநாள் பொக்லைன் வந்து அடிக்கட்டையை வேரோடு பெயர்த்தது. ஆயிரக்கணக்கில் விரல்போல வேர்கள். அத்தனையும் நன்றாகவே இருந்தன. மரத்தில் கெடாமல் இருந்த பகுதி அது ஒன்றுதான். பள்ளத்தை மூடிச் சக்கரம் ஏற்றிச் சமன் செய்துவிட்டுப் போனார்கள். மகனை அவனுடைய அறைக்குக் கொண்டுபோய்க் கப்பியில் கட்டிக் கட்டிலில் இறக்கினோம். இனி அங்கே அவன் பயமில்லாமல் படுக்கலாம். இத்தனையும் அதற்காகத்தான். மேற்கு வெயில் இதற்குமுன் அந்த அறைக்குள் இப்படி வந்ததில்லை.

அன்று சாயங்காலம் அவள் குழாயடியில் பாத்திரங்களைப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாள். பொக்லைன் சக்கரத் தடத்துக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

"எந்த எடத்துல நிப்பான்? காட்டுங்க."

நான் சுவரைப் பார்த்தேன், குழாயைப் பார்த்தேன். குழாயையும் பெயர்த்து வேறு இடத்தில் நட்டிருந்தார்கள். வீட்டு மூலையிலிருந்து மரத்துக்கு எவ்வளவு தூரம் என்று நான் ஒருபோதும் அளந்து வைத்ததில்லை. உயரத்தை அளந்தவனுக்கு அது தோன்றவில்லை. ஓரிடத்தில் போய் நின்றேன். "இங்கதான் இருக்கும்," என்றேன்.

"இருக்கும்னா?"

இன்னும் ஓரடி தள்ளி நின்றேன். அவள் நான் நின்ற இடத்தையும் முதலில் நின்ற இடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். குனிந்து மண்ணைத் தொடப் போனவள் எதைத் தொடுவது என்று தெரியாமல் நிமிர்ந்தாள்.

சன்னலிலிருந்து அவன் குரல் வந்தது. முன்பைவிட மெலிந்துதான் வருகிறது. ஒரு வாக்கியத்துக்கு நடுவில் மூச்சு வாங்குகிறான்.

"ரெண்டு பேரும்... அங்க என்ன பண்றீங்க? முதுகு வலிக்குது. வந்து திருப்பிப் போடுங்க."

போனோம். அவள் தோள் பக்கம் கை கொடுத்தாள், நான் இடுப்புப் பக்கம். அவனைத் தூக்கிச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி, வளைந்த முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவில் தலையணையை வைத்தோம். அது சரிந்தது. எடுத்து மடித்து மறுபடி வைத்தோம்.